பருவம் முதிரும் முன்பே சினைப்பட்ட இளம்பெட்டைப் பன்றிகள்: கலைப்பதா, காப்பதா?

சுங்கை சிப்புட்காரன் எழுதியது, மார்ச் 15:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் வட்டாரத்தைச் சேர்ந்தவன். என் பெற்றோர் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர்கள். தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறிய பிறகு என் தந்தை ஒரு சீனத் தவுக்கேயின் (முதலாளியின்) உரிமம் பெற்ற பன்றிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். அவருக்குப் பின் நானும் அதே பண்ணையில் வேலை செய்கிறேன். சென்ற ஆண்டு தவுக்கே ஒரு பழைய கொட்டிலை எனக்கு விட்டுக்கொடுத்து, சொந்தமாக நான்கு இளம்பெட்டைகளை வளர்த்துக்கொள்ளச் சொன்னார். இவை என் கையில் முதன்முதலாக நிற்கும் தாய்ப்பன்றிகள் என்பதால், செய்துவிட்ட தவற்றை மறைக்காமல் எழுதி உங்கள் ஆலோசனையைக் கேட்கிறேன்.

தைப்பூசத்திற்காகக் குடும்பத்தோடு ஈப்போ கல்லுமலைக்குச் சென்றிருந்தோம். பிப்ரவரி 1ஆம் நாள் மாலை திரும்பி வந்து பார்த்தபோது, பக்கத்துக் கொட்டிலுக்கும் எங்கள் கொட்டிலுக்கும் நடுவில் இருந்த தடுப்புப் பலகை பெயர்ந்து, ஏழு மாதமான ஓர் ஆண் பன்றி எங்கள் பெட்டைகளோடு நின்றுகொண்டிருந்தது. பலகை ஆட்டம் கண்டிருந்ததை ஒரு வாரம் முன்பே பார்த்திருந்தேன். திரும்பி வந்து ஆணி அடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அப்போது பெட்டைகளுக்கு வயது ஐந்தரை மாதம். அந்த ஆண் பன்றி வேறு தாய்க்குப் பிறந்தது என்றாலும், தகப்பன் ஒன்றுதான்.

நான்கில் காது எண் 12 மட்டும் 21ஆம் நாள் மறுபடியும் பருவத்துக்கு வந்தது. பிறப்புறுப்பு சிவந்து வீங்கியிருந்தது. முதுகில் கையை ஊன்றி அழுத்தியபோது அசையாமல் நின்றது. இன்று 42ஆம் நாள் காலையிலும் அதே அறிகுறிகள் தெரிகின்றன. மற்ற மூன்றும் (11, 14, 17) இரண்டு முறையும் பருவத்துக்கு வரவில்லை என்பதால் சினை நின்றுவிட்டது என்றே நினைக்கிறேன்.

தவுக்கே நான்கையும் இறைச்சிக்கு அனுப்பிவிடு என்கிறார். பண்ணையில் மூத்தவர் ஒருவர், குட்டிகள் பெருத்துவிட்டால் தாய் ஈன முடியாது, ஆகவே இன்றிலிருந்து தீனியைப் பாதியாகக் குறை என்கிறார். ஊசி போட்டுக் கலைத்துவிடலாம் என்றும் ஒருவர் சொன்னார். இவற்றில் எது சரி? வளர்ந்து முடியாத ஒரு பெட்டையை அதன் உடம்பு கெடாமல் ஈற்று வரை கொண்டுசெல்ல வழி இருக்கிறதா?

ஓய்வுபெற்ற கால்நடை உதவியாளர் எழுதியது, மார்ச் 15:

தம்பி, வணக்கம். நாளையும் எண்ணையும் இவ்வளவு துல்லியமாகக் குறித்து வைத்திருப்பதனால்தான் என்னால் தெளிவாகப் பதில் எழுத முடிகிறது. பெரும்பாலானவர்கள் வயிறு தொங்கிய பிறகுதான் வந்து கேட்பார்கள்.

முதலில் தீனியைக் குறைக்கும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். இது எங்கள் காலத்திலிருந்தே சொல்லப்பட்டு வருவதுதான். ஆனால் அதனால் விளையும் கேட்டை நான் பலமுறை நேரில் கண்டிருக்கிறேன். தாயின் தீனியைக் குறைத்தால் குட்டியின் எடை மிகச் சிறிதளவே குறையும். ஏனென்றால் குட்டிக்கு வேண்டியதைத் தாயின் உடம்பு தன் தசையிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்துக் கொடுத்துவிடும். ஐந்தரை மாதத்தில் சினைப்பட்ட பெட்டைக்கு இரண்டு வளர்ச்சிகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன: குட்டிகளின் வளர்ச்சி ஒன்று, அதன் சொந்த எலும்பும் தசையும் இடுப்பும் வளரும் வளர்ச்சி மற்றொன்று. தீனி பற்றாமல் போனால் நின்றுபோவது இரண்டாவதுதான். இடுப்பெலும்பு விரியாமல் நின்றுவிட்ட பெட்டையின் வயிற்றில் குட்டிகள் மட்டும் வழக்கமான அளவில் வளர்ந்திருக்கும். எந்தச் சிக்கலைத் தவிர்க்கத் தீனியைக் குறைத்தோமோ, அதே சிக்கலை நாமே உண்டாக்கிவிடுகிறோம்.

அடுத்தது எடை. தராசு இல்லாவிட்டாலும் தையல்காரரின் அளவு நாடா போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை மீட்டரில் எடுங்கள். இரு காதுகளுக்கும் நடுவிலிருந்து வாலின் அடி வரை முதுகின் நீளத்தையும் மீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, பின் 69.3 ஆல் பெருக்கினால் ஏறத்தாழக் கிலோவில் எடை கிடைத்துவிடும். பன்றி தலையை நேராக வைத்து நிற்கும்போது அளக்க வேண்டும். குனிந்து தின்னும்போது எடுத்த அளவு தவறாகிவிடும்.

பொதுவாக ஓர் இளம்பெட்டையை ஏழரை முதல் எட்டு மாத வயதில், 135 கிலோவுக்கு மேல் எடை வந்த பிறகு, இரண்டாவது அல்லது மூன்றாவது பருவத்தில்தான் இணை சேர்ப்போம். முதல் பருவத்திலேயே சேர்த்தால் உதிரும் முட்டைகளும் குறைவு, குட்டிகளும் குறைவு. உங்கள் பெட்டைகள் இந்த அளவுக்கு மிகவும் கீழே இருக்கும்போதே சினைப்பட்டுவிட்டன. ஆனாலும் மூன்றும் ஒரே நிலையில் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத்தான் முடிவெடுக்க வேண்டும். அளவுகளை அனுப்புங்கள்.

கலைப்பு ஊசியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பன்றியின் சினை முழுக்காலமும் சூலகத்தில் உண்டாகும் மஞ்சள் திரட்சியை நம்பியே நிற்கிறது. புரோஸ்டாகிளாண்டின் ஊசி அந்தத் திரட்சியைக் கரைத்துவிடும். இணை சேர்ந்து ஏறக்குறைய 12 நாள் கடந்த பிறகே அது வேலை செய்யும். போட்டால் ஓரிரு நாளில் சினை கலையும். சுமார் ஒரு வாரத்தில் பெட்டை மறுபடியும் பருவத்துக்கு வரும். ஆனால் ஐந்து வாரம் கடந்தால் கருவின் எலும்பு கெட்டிப்படத் தொடங்கிவிடும் என்பதால், முன்கூட்டியே செய்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். இப்போதும் முடியாததல்ல, கால்நடை மருத்துவர் வந்து ஒலியலைக் கருவியால் சினையை உறுதிப்படுத்திய பிறகு, அவர் கையாலேயே நடக்க வேண்டியது அது. கடையில் வாங்கி நீங்களே போட வேண்டாம். அந்த மருந்து தோல் வழியாகவும் உடம்புக்குள் இறங்கும். கர்ப்பிணிப் பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்தப் புட்டியைத் தொடவே கூடாது. வீட்டில் யாராவது அப்படி இருந்தால் இதை மறவாதீர்கள்.

சுங்கை சிப்புட்காரன் எழுதியது, மார்ச் 16:

ஐயா, மிக்க நன்றி. இன்று காலை தீனி வைப்பதற்கு முன் என் அக்காளை உதவிக்கு வைத்துக்கொண்டு அளந்தேன். எண் 11 சுமார் 110 கிலோ, எண் 12 சுமார் 106, எண் 14 சுமார் 104. எண் 17 மட்டும் நெஞ்சுச் சுற்றளவு 1.07 மீட்டர், நீளம் 1.17 மீட்டர், கணக்குப் போட்டால் 93 கிலோதான் வருகிறது. ஆறு வாரத்துக்கு முன்பு அது 75 கிலோவைக்கூடத் தொட்டிருக்காது என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மற்றவை தொட்டியில் தலையை விட்டால் இது ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் சுபாவம் உடையது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இணை சேர்க்கும் முன் போட வேண்டிய தடுப்பூசி எதுவும் இவற்றுக்குப் போடவில்லை. ஆறு மாதத்தில் போடலாம் என்று வைத்திருந்தோம்.

ஓய்வுபெற்ற கால்நடை உதவியாளர் எழுதியது, மார்ச் 16:

என் கருத்து இதுதான். எண் 17க்கு மருத்துவர் சம்மதித்தால் கலைத்துவிடுவது நல்லது. அந்த உடம்பு ஈற்றையும் தாங்காது, பாலூட்டலையும் தாங்காது. எண் 11ஐயும் 14ஐயும் காப்பாற்றிக் கொண்டுசெல்லலாம். எண் 12 சினைப்படாததை உங்கள் நல்ல காலம் என்று எடுத்துக்கொண்டு, உரிய எடை வரும் வரை காத்திருங்கள்.

தடுப்பூசி விஷயத்தில் நான் கவலைப்படுவது பார்வோ வைரசைப் பற்றித்தான். பெரிய பன்றிகளுக்கு அதனால் நோய் எதுவும் வெளியே தெரியாது. தடுப்பாற்றல் இல்லாத சினைப் பெட்டைக்குத் தொற்றினால், ஒவ்வொரு குட்டியாக வயிற்றுக்குள்ளேயே இறந்து வற்றிப்போகும். ஈனும்போது விரல் அளவிலும் உள்ளங்கை அளவிலுமாகக் கறுத்த குட்டிகள் வரும். சினையின் 70ஆம் நாளுக்குப் பிறகு குட்டிகள் தாமே அந்த வைரசை எதிர்த்து நிற்கும் நிலையை அடைந்துவிடும். உங்களுக்கு அந்த நாள் ஏப்ரல் 12. அதுவரையிலாவது வயதான தாய்ப்பன்றிகளின் சாணமும் கழிவுநீரும் இவற்றின் கொட்டிலுக்குள் வராமல் வாய்க்காலைத் திருப்பிவிடுங்கள். அங்கே பயன்படுத்திய காலணியோடும் மண்வெட்டியோடும் இங்கே நுழையாதீர்கள். சினைக்காலத்தில் தடுப்பூசி போடலாமா என்பதை மருத்துவர் மருந்தைப் பார்த்துச் சொல்வார். வற்றிய குட்டி வந்தால் எறிந்துவிடாமல் குளிர்ப்பெட்டியில் வைத்து, மருத்துவர் மூலம் ஈப்போ கால்நடை ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பலாம்.

தீனி: எண் 11க்கும் 14க்கும் நாளொன்றுக்கு 2.2 முதல் 2.4 கிலோ வரை, 14 அல்லது 15 விழுக்காடு புரதம் உள்ள தீனியாகக் கொடுங்கள். முழு வளர்ச்சியடைந்த தாய்ப்பன்றிக்கான சினைத்தீனியில் புரதமும், லைசின் என்ற புரதக் கூறும் இவற்றுக்குப் போதாது. 75ஆம் நாள் முதல் 90ஆம் நாள் வரை, அதாவது ஏப்ரல் 17 முதல் மே 2 வரை, அளவைக் கூட்டவே வேண்டாம். மடியில் பால் சுரக்கும் திசு உருவாகும் காலம் அது; அப்போது அளவுக்கு மீறித் தின்றால் அந்த இடத்தில் கொழுப்பு படிந்து பின்னால் பால் குறையும். கடைசி மூன்று வாரம் 2.8 கிலோ வரை போகலாம். செம்பனைப் பிண்ணாக்கும் தவ்ஹூச் (சோயாக்கட்டி) சக்கையும் மலிவாகக் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். வயிறு நிறையவும் மலம் இளகவும் கொஞ்சம் சேர்க்கலாமே தவிர, அவற்றைக் கொண்டே தீனியை ஒப்பேற்றக் கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்தித் தின்ன வையுங்கள்.

தகப்பன் ஒன்று என்றீர்கள். ஒரு தகப்பனின் பிள்ளைகள் சேர்ந்து பிறக்கும் குட்டிகளுக்கு உட்கலப்பு 12.5 விழுக்காடு. இறைச்சிக்கு வளர்ப்பதில் தவறில்லை. அவற்றில் ஒன்றைக்கூடத் தாய்ப்பன்றியாக நிறுத்தி வைக்காதீர்கள்.

லயத்து அக்கா எழுதியது, மார்ச் 18:

தம்பிக்கும் அண்ணனுக்கும் வணக்கம். எங்கள் குடும்பம் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்த காலத்தில், வீட்டுக்குப் பின்னால் என் மாமியார் மூன்று நான்கு பன்றிகள் வைத்திருந்தார். காலையில் பால்மரக் காட்டுக்குப் போய்த் திரும்பி வந்த பிறகு கங்குங் கீரையும் மரவள்ளிக் கிழங்கும் வேகவைத்துப் போடுவது என் வேலை. கிழங்கைப் பச்சையாகப் போடவே விட மாட்டார். அதில் உள்ள நஞ்சு வேகவைத்தால்தான் போகும் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே அறிந்திருந்தார்.

அண்ணன் எழுதியதற்கு மேல் நான் சொல்லத் தகுந்தது ஈற்று வேளையைப் பற்றித்தான். சின்னப் பெட்டை ஈனும்போது குட்டி குறுக்கே சிக்கிக்கொண்டால், ஆண்களின் கை உள்ளே போகாது. என் மாமியாரின் கை மிகச் சிறியது. அக்கம்பக்கத்து லயங்களிலிருந்தும், சில நாள் சீனக் கம்பத்திலிருந்தும்கூட (சீனர் குடியிருப்பு), நடுராத்திரியில் சைக்கிளில் வந்து அவரை அழைத்துப் போவார்கள். நகத்தை ஒட்ட வெட்டி, முழங்கை வரை சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவிக்கொண்டு, பெட்டை முக்கும்போது கையை அசைக்காமல் நிறுத்தி, முக்கல் அடங்கும்போது மட்டும் உள்ளே நகர்த்துவார். இழுப்பதும் அது முக்கும்போதுதான். இப்போது நீண்ட பிளாஸ்டிக் கையுறையும் வழுக்கும் களிம்பும் கிடைக்கின்றன. தம்பி, உங்கள் அக்காள் அளக்க உதவினார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஈற்று நாளில் அவரைப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லுங்கள்.

மடியைப் பிதுக்கினால் பால் பீய்ச்சுமானால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் ஈன்றுவிடும். ஒரு குட்டிக்கும் மறு குட்டிக்கும் கால் மணி, இருபது நிமிடம் இடைவெளி இருப்பது இயல்பு. முக்கி முக்கி அரைமணிக்கு மேலாகியும் எதுவும் வரவில்லை என்றால் கை வைத்துப் பார்க்க வேண்டும், அல்லது மருத்துவரை அழைக்க வேண்டும். வழி அடைத்திருக்கிறதா என்று பார்க்காமல் ஆக்சிடோசின் ஊசியைப் போட்டுவிடாதீர்கள். சிக்கியிருக்கும் குட்டியின் மேல் கருப்பை இறுகினால் குட்டியும் போகும், தாயும் போகும்.

தலையீற்றுப் பெட்டைகளில் சில, குட்டியின் கத்தலைக் கேட்டு மிரண்டு அதைக் கடித்துவிடும். அப்படி நடந்தால் அதை அடிக்கவோ உடனே பழி சொல்லி விற்கவோ வேண்டாம். குட்டிகளைத் துடைத்து, கதகதப்பான பெட்டியில் பிரித்து வைத்து, ஈற்று முடிந்து அது சோர்ந்து படுத்த பிறகு ஒவ்வொன்றாகக் காம்பில் விட்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். அதுவரை சீம்பாலைக் கறந்து ஊட்டுங்கள். ஈற்றுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் அதன் மடியைத் தடவிப் பேசிப் பழக்கினால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும் என்பது என் அனுபவம். மூன்று வாரத்தில் குட்டிகளைப் பிரித்துவிடுங்கள், தம்பி. ஏழு குட்டிகளுக்கு மேல் ஊட்ட விடாதீர்கள்.

தஞ்சோங் செபாட் பண்ணையாள் எழுதியது, மார்ச் 19:

வணக்கம் அண்ணா. சிலாங்கூர், தஞ்சோங் செபாட்டில் பெரிய பண்ணை ஒன்றின் ஈற்றுக் கொட்டிலில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அக்கா சொன்ன ஈற்று முறைகள் அனைத்தையும் அப்படியே ஏற்கிறேன். ஏழு குட்டிகள் என்பதில் மட்டும் ஒரு சிறு மாற்றம் சொல்ல அனுமதி கேட்கிறேன்.

முதல் ஈற்றில் குட்டி சப்பாத காம்பு வற்றிவிடும். அடுத்த ஈற்றில் அதே காம்பு குறைவாகவே பால் கொடுக்கும். ஆகவே இளம் தாய்க்குச் சுமையைக் குறைப்பதானாலும், முதல் சில நாட்களுக்காவது எல்லாக் காம்புகளிலும் குட்டிகள் சப்பும்படி விட வேண்டும். அதற்குப் பிறகு, அதே வாரத்தில் ஈன்ற நல்ல தாய்ப்பன்றி பண்ணையில் இருந்தால், பெரிய குட்டிகளை அதனிடம் மாற்றலாம். சிறியவற்றை மாற்றாதீர்கள், புதிய தாயிடம் இடம் பிடிக்க அவற்றுக்குப் பலம் இருக்காது. மாற்றுவதற்கு முன் எல்லாக் குட்டிகளும் சொந்தத் தாயிடம் சீம்பால் குடித்திருக்க வேண்டும். பிறந்த குட்டி முதல் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 250 மில்லி குடித்தால்தான் தேறும்.

மூன்று வாரத்துக்கு முன்பாகப் பால் மறக்கச் செய்வதும் வேண்டாம். கருப்பை பழைய நிலைக்குத் திரும்ப அவ்வளவு நாள் வேண்டும். நாங்கள் மெலிந்த இளம் தாய்களுக்குச் செய்வது: 20, 21ஆம் நாளில் கொழுத்த குட்டிகளை மட்டும் முதலில் பிரித்துவிட்டு, சிறியவற்றை இன்னும் நான்கைந்து நாள் தாயோடு விடுவோம். தாயின் பால் சுமை குறையும், சிறிய குட்டிகளும் நன்றாகக் குடித்துத் தேறும்.

ஆனால் அண்ணா, என் கண்ணில் உண்மையான ஆபத்து ஈற்றில் இல்லை. பாலூட்டும் அந்த மூன்றரை வாரத்தில்தான் இருக்கிறது. வயது முதிராமல் சினைப்பட்ட பெட்டை எப்படியோ ஆறோ எட்டோ குட்டி போட்டுவிடும்; பார்ப்பவர்களும் தப்பித்தோம் என்று நினைப்பார்கள். அதற்குப் பிறகு அது தன் உடம்பையே பாலாக்கிக் கரைத்துவிடும். உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிட்டால், பால் மறந்த ஐந்து முதல் ஏழு நாளில் வர வேண்டிய பருவம் இரண்டு வாரமானாலும் வராது. வந்து சேர்த்தாலும் இரண்டாம் ஈற்றில் முதல் ஈற்றைவிடக் குட்டிகள் குறைந்துபோகும். எங்கள் பண்ணையில் கழித்து அனுப்பப்படும் இளம் தாய்களில் பெரும்பாலானவை இப்படி இரண்டாம் ஈற்றில் ஏமாற்றியவைதாம். அவற்றின் பதிவு அட்டையைத் திருப்பிப் பார்த்தால் முதல் சேர்க்கை எடைக்கு முன்பே நடந்திருக்கும்.

ஆகையால் பாலூட்டும் காலத்தில் அது தின்னும் அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். நாளொன்றுக்கு ஐந்து கிலோவுக்குக் குறையாமல் உள்ளே போக வேண்டும். நம் ஊர் வெயிலில், மதியம் 33 பாகை இருக்கும்போது அது வாய் வைக்காது. பன்றிக்கு வியர்வை வழிந்து உடம்பு குளிராது என்பது உங்களுக்குத் தெரியும். விடியற்காலை ஐந்து மணிக்கும், இரவு எட்டு, ஒன்பது மணிக்கும் பெரும் பங்கை வையுங்கள். தீனியை நீர் விட்டுப் பிசைந்து வையுங்கள். கழுத்தின் மேல் சொட்டுநீர் விழும்படி ஒரு குழாய் போடுங்கள். குடிநீர்க் குழாயை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துப் பாத்திரத்தில் பிடித்தால் இரண்டு லிட்டராவது வர வேண்டும். தண்ணீர் இழையாக வந்தால் தீனி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது தின்னாது. பாலூட்டும் பன்றி நாளொன்றுக்கு 20 லிட்டருக்கு மேல் குடிக்கும். குட்டிகளுக்கு 34 பாகைச் சூடு வேண்டும், தாய்க்கோ குளிர்ச்சி வேண்டும் என்பதால் விளக்கை மூலைப் பெட்டிக்குள் தொங்கவிட்டு, தாய் படுக்கும் பக்கம் சூடு பாயாமல் மறைப்பு வையுங்கள்.

பால் மறந்த பிறகு வரும் முதல் பருவத்தை விட்டுவிடுங்கள். 21 நாள் காத்திருந்து இரண்டாவது பருவத்தில் சேருங்கள். 21 நாள் தீனி நட்டம் என்று தவுக்கே சொல்வார். வளர்ச்சி பாக்கியுள்ள பெட்டைக்கு அந்த 21 நாள்தான் அது இழந்ததை மீட்டெடுக்கும் காலம்.

சுங்கை சிப்புட்காரன் எழுதியது, மார்ச் 20:

எல்லோருக்கும் நன்றி. மருத்துவர் இன்று வந்து மூன்றிலும் சினையை உறுதிப்படுத்தினார். எண் 17க்கு அவரே ஊசி போட்டார். தவுக்கேயிடம் நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். இறைச்சிக்கு வேண்டாம் என்றால் தெலுக் இந்தான் பக்கத்தில் ஒரு பண்ணைக்காரர் சினைப் பெட்டையாகவே வாங்கிக்கொள்வார் என்கிறார். விலையும் பரவாயில்லை. அப்படிச் செய்யலாமா?

ஓய்வுபெற்ற கால்நடை உதவியாளர் எழுதியது, மார்ச் 20:

விற்பது உங்கள் உரிமை. ஆனால் வயது முதிராமல் சினைப்பட்டவை, தடுப்பூசி இல்லாதவை, தகப்பன் வழி உறவில் சேர்ந்தவை என்ற மூன்றையும் வாங்குபவரிடம் சொல்லிவிட்டுத்தான் விற்க வேண்டும். சொன்ன பிறகு அந்த விலை நிற்காது.

இன்னொரு காரணமும் உண்டு. 1998, 1999ஆம் ஆண்டுகளில் நான் பணியில் இருந்தேன். கிந்தா வட்டாரப் பண்ணைகளில், கொட்டிலை ஒட்டிய பழமரங்களுக்கு வந்த வௌவால்களிடமிருந்து பன்றிகளுக்குத் தொற்றிய நிப்பா வைரஸ், விற்றுக் கொண்டுபோன பன்றிகளோடுதான் நெகிரி செம்பிலானுக்குப் போய்ச் சேர்ந்தது. 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தார்கள். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. அங்கே புக்கிட் பெலாண்டோக்கில் ஊரே வெறிச்சோடிக் கிடந்தது. 2021இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நம் நாட்டுக்குள் வந்தபோது அந்த நாட்கள்தாம் என் நினைவுக்கு வந்தன. ஒரு கொட்டிலிலிருந்து மறு கொட்டிலுக்குப் பன்றியை நகர்த்துவதைச் சாதாரணமாக நினைக்க என்னால் முடியவில்லை. கால்நடைத் துறையின் அனுமதி இல்லாமல் ஒரு குட்டியைக்கூட வண்டியில் ஏற்றாதீர்கள். உங்கள் கொட்டிலுக்கு மேல் மாமரக் கிளையோ ரம்புத்தான் கிளையோ நீண்டிருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள்.

சுங்கை சிப்புட்காரன் எழுதியது, ஜூலை 2:

மூன்று மாதத்துக்குப் பிறகு எழுதுவதற்கு மன்னிக்கவும். விற்கவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எண் 11, கணக்கிட்டபடியே 114ஆம் நாள், மே 26 விடியற்காலையில் ஒன்பது குட்டிகள் ஈன்றது. எட்டு உயிரோடு பிறந்தன. எட்டும் இன்றுவரை இருக்கின்றன. எண் 14 மறுநாள் இரவு ஈன்றது. இரண்டு குட்டிகளுக்குப் பிறகு நாற்பது நிமிடம் முக்கியும் எதுவும் வரவில்லை. மருத்துவர் வேறு பண்ணையில் இருந்ததால், தொலைபேசியில் அவர் சொல்லச் சொல்ல என் அக்காள்தான் கை வைத்தார். குட்டி பின்புறமாக மடங்கிச் சிக்கியிருந்தது. அதைக் காப்பாற்ற முடியவில்லை; ஆனால் அதற்குப் பின்னால் இருந்த மூன்றும் உயிரோடு வந்தன. கடைசியில் வற்றிய குட்டிகள் இரண்டு வந்தன. ஐயா சொன்னபடி எடுத்து வைத்து, மறுநாள் வந்த மருத்துவரிடம் ஒப்படைத்தோம். அவர் தாய்க்கு மருந்து கொடுத்து மூன்று நாள் காய்ச்சல் பார்க்கச் சொன்னார், 39.4 பாகைக்கு மேல் ஏறவில்லை. லயத்து அக்காவிடம் என் அக்காள் தனியாக நன்றி சொல்லச் சொன்னார். அந்த இரவில் உங்கள் மாமியார் செய்ததைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

எண் 14க்கு ஐந்து குட்டிகள்தாம் என்பதால், எண் 11இன் பெரிய குட்டிகள் இரண்டை நான்காம் நாள் அதனிடம் மாற்றினேன். விடியற்காலை, இரவுத் தீனி நன்றாகப் பலித்தது. எண் 11 இரண்டாம் வாரத்திலேயே ஐந்தரைக் கிலோ தின்றது. எண் 14 நான்கரைக்கு மேல் ஏறவே இல்லை. நாடா வைத்துப் பார்த்ததில் பதினைந்து கிலோ வரை இழந்திருந்தது. குட்டிகளை ஜூன் 20ஆம் நாள் முழுவதுமாகப் பிரித்தேன். எண் 11 ஏழாம் நாள் பருவத்துக்கு வந்தது. எண் 14 பத்தாம் நாள்தான் வந்தது. இரண்டையும் சேர்க்கவில்லை. ஜூலை 18, 21 வாக்கில் அடுத்த பருவத்தை எதிர்பார்க்கிறேன். தடுப்பூசி இந்த முறை இரண்டுக்கும் போட்டாகிவிட்டது.

எண் 17 ஊசி போட்ட ஆறாம் நாள் பருவத்துக்கு வந்தது. தனியே தின்ன வைத்ததும் ஒதுங்கும் சுபாவம் மாறிவிட்டது. மூன்று பருவங்களை விட்டு, மே 28ஆம் நாள் 137 கிலோவில், வெளியிலிருந்து வந்த விந்தைக் கொண்டு மருத்துவர் கருவூட்டினார். எண் 12க்கு அதற்குப் பதினொரு நாள் முன்பே ஆயிற்று. இரண்டும் 21ஆம் நாள் திரும்ப வரவில்லை.

தடுப்புப் பலகைக்குப் பதிலாக அரைச் சுவர் எழுப்பிவிட்டோம். தஞ்சோங் செபாட் தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும்: எண் 14 ஜூலை 21க்குள் இழந்த பதினைந்து கிலோவையும் மீட்காவிட்டால், இன்னொரு பருவத்தையும் விட்டுக் காத்திருக்கலாமா?

தஞ்சோங் செபாட் பண்ணையாள் எழுதியது, ஜூலை 2:

பத்துக் கிலோ மீண்டிருந்தாலே சேர்த்துவிடுங்கள் அண்ணா. மிச்சத்தைச் சினைக்காலத்தில் எடுத்துக்கொள்ளும். அதற்கும் குறைவாக இருந்தால் இன்னும் 21 நாள் பொறுங்கள். பருவத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்து, அதாவது ஜூலை 7 முதல், தீனியை மூன்றரைக் கிலோவுக்கு உயர்த்துங்கள்; சேர்த்த அன்றே மறுபடியும் 2.3 கிலோவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஆகஸ்டு மாத வெயிலில் முதல் முப்பது நாள் அதைக் கொட்டிலின் குளிர்ச்சியான பக்கத்தில் வையுங்கள், இடம் மாற்றி வேறு பன்றிகளோடு கலக்காதீர்கள். கரு ஒட்டிக்கொள்ளும் நேரம் அது.